முதலில் அலமாரி, பிறகு சக்கரம்

கொழிஞ்சாம்பாறை
ஐப்பசி மாதம்

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சந்தோஷத்துக்கு, இரண்டாம் தரம் கணக்குப் பார்க்க. ஒரு பக்கம் முழுக்கக் குயவர் சக்கரம்தான். எந்தக் கம்பெனிச் சக்கரம் நல்லது, மோட்டார் எத்தனை குதிரைசக்தி வேண்டும், வேகத்தைக் காலால் கூட்டுவதா கையால் கூட்டுவதா, எத்தனை கிலோ மண் தாங்கும். வண்டிப்பெரியாற்றில் உன் அப்பா வாங்கிப்போட்ட பத்து சென்ட்டில் கூரை போடுவது பற்றி நாலு வரி. பெங்களூர் வேலையை விடப்போவது பற்றி ஒரே வரி, அதுவும் "இப்படிக்கு"வுக்கு மேலே ஒளிந்துகொண்டிருக்கிறது. நீ சின்ன வயதிலும் இப்படித்தான். பரீட்சை மார்க்கைச் சொல்வதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லி முடிப்பாய்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வா. ஆனால் இப்போது சக்கரம் வாங்காதே. முதலில் அலமாரி செய். ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து உன் கை எட்டும் உயரம் வரை, உருவியெடுக்கக் கூடிய பலகைகளோடு செய். காசு மிஞ்சினால் எதிர்ச் சுவரிலும் இன்னொன்று செய். அதற்குப் பிறகும் காசு இருந்தால் எனக்கு எழுது, சக்கரத்தைப் பற்றிப் பேசுவோம்.

முகம் சுளிக்கிறாய், இங்கிருந்தே தெரிகிறது. நீ பார்த்த வீடியோக்களில் அலமாரி வருவதில்லை. ஈர மண் கைக்குள் எழும்புவது வரும், குவளை வாய் திறப்பது வரும், உடனே சூளைக் கதவு திறந்து நீலமும் பச்சையுமாகப் பாத்திரங்கள் வந்து நிற்கும். நடுவில் வெட்டி எறிந்த இடத்தில்தான் அம்மிணி நம் தொழில் இருக்கிறது. ஒரு குவளையைச் சக்கரத்தில் எடுக்கச் சில நிமிஷம் போதும். அது ஒருவர் கையில் டீயோடு போய்ச் சேர மூன்று வாரம், மழைக்காலம் என்றால் அதற்கு மேலும் ஆகும். அந்த நாட்களில் பெரும்பங்கு அது அலமாரியில் உட்கார்ந்து காய்கிறது. காய வைக்கத் தெரிந்தவர்தான் இங்கே பிழைக்கிறார். வனையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் பாதியில் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

"காய்வது தானாக நடப்பதுதானே அத்தை, அதில் என்ன வித்தை?" என்று கேட்பாய். தானாக நடக்கும். உன்னைக் கேட்காமலும் நடக்கும். கஷ்டமே அதுதான்.

பிசைந்த களிமண்ணில் எடைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். களிமண்ணின் துகள்கள் மிக மெல்லிய தகடுகள், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் ஒரு நீர்ப்படலம் இருப்பதால்தான் மண் வழுக்கிக்கொண்டு உன் விரல் சொன்ன பக்கம் போகிறது. அந்த நீர் வெளியேற வெளியேறத் தகடுகள் நெருங்கும், பாண்டம் சுருங்கும். உயர்ந்த சூட்டில் சுடும் மண் என்றால், வனைந்ததிலிருந்து சூளையை விட்டு வரும்வரை நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்கு வரை சுருங்கும். அதில் பாதியளவு காயும்போதே நடந்துவிடும். சுருங்குவதில் தப்பில்லை. எல்லாப் பக்கமும் சேர்ந்து சுருங்க வேண்டும், அவ்வளவுதான். விளிம்பு மெல்லியது, காற்றுப் படுவது, முதலில் காயும். அடி தடிமனானது, பலகையோடு ஒட்டியிருப்பது, கடைசியில் காயும். விளிம்பு சுருங்கி இறுகிவிட்டது, அடி இப்போதுதான் சுருங்கத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் எங்கே பலம் குறைவோ அங்கே மண் கிழியும்.

கைப்பிடி வைத்த குவளை இன்னும் மோசம். உடம்பு ஒரு ஈரத்தில், கைப்பிடி வேறொரு ஈரத்தில் இருக்கும்போது ஒட்டினால், ஒட்டிய அன்று அழகாக இருக்கும். மூன்றாம் நாள் காலையில் மேல் இணைப்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஈர மண்ணைப் பூசி மூடலாம் என்று கை பரபரக்கும். மூடாதே. அது சூளையில் திரும்பவும் திறக்கும், அதற்குள் நீ எரிவாயுவும் செலவழித்திருப்பாய். காய்ந்ததை உடைத்துத் தண்ணீர் வாளியில் போடு, மறுபடி மண்ணாகும். சுடாத மண் எத்தனை தரம் வேண்டுமானாலும் திரும்பி வரும். இந்தத் தொழிலின் பெரிய கருணை அது. சுட்டபின் திரும்பவே வராது.

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கம் மலைத்தொடரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். கார்த்திகை பிறந்தால் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து காற்று அதன் வழியாகப் புகுந்து தை மாசி வரைக்கும் அடிக்கும். இங்கே மலையாளத்தில் அதை விருச்சிகக் காற்று என்கிறார்கள். உதடு வெடிக்கும், பனையோலை இரவெல்லாம் பேசும், ஈரத்துணி ஒரு மணி நேரத்தில் மொறமொறப்பாகும். காலையில் வனைந்த தட்டை மூடாமல் சாப்பிடப் போனால், வந்து பார்க்கும்போது விளிம்பு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். பிறகு அது எந்த மேஜையிலும் ஆடும். அந்த மாதங்களில் நான் ஜன்னலைச் சாத்தி, பலகை பலகையாகப் பிளாஸ்டிக் போர்த்தி, தட்டின் விளிம்புக்கு மட்டும் ஈரத்துணிப் பட்டை சுற்றி வைக்கிறேன். ஓர் ஓட்டலுக்குத் தட்டுகள் செய்துகொண்டிருந்த வருஷம் ராத்திரி காற்று ஒரு ஜன்னல் கொக்கியைக் கழற்றிவிட்டது. காலையில் ஒரு பக்கத்து அலமாரி முழுக்க விளிம்பு தூக்கிய தட்டுகள். அன்றைக்கு யாரோடும் பேசவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் வாளியில் போட்டுவிட்டு மண் பிசைய உட்கார்ந்தேன்.

உன் வண்டிப்பெரியாற்றில் நேர் எதிர்க் கதை. பீர்மேட்டு மலைக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, நடுவில் மஞ்சு. அங்கே குவளை காயவே காயாது. ஐந்து நாள் கழித்தும் அடியில் விரல் வைத்தால் குழியும். பூஞ்சை பிடிக்கும். "குமுளி இறங்கினால் கம்பத்தில் நல்ல வெயில், கொண்டுபோய்க் காய வைத்துவிட்டு வருவேன்" என்று சொல்லாதே, உன்னைத் தெரியும், சொல்வாய். பச்சைப் பாண்டத்தை மலைப்பாதையில் ஜீப்பில் இறக்கினால் கீழே போய்ச் சேருவது மண்ணாகத்தான் இருக்கும். மேலும், வெயில் உனக்கு உதவி செய்வதாக நினைப்பதே முதல் தவறு. வெயில் படுகிற பக்கம் மட்டும் ஓடிக் காயும். உனக்கு வேண்டியது நாலு பக்கமும் ஒரே மாதிரி மெல்ல நகரும் காற்று. அதனால்தான் பலகைகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு, பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல், சூளையின் மிச்சச் சூடு வந்து சேரும் இடத்தில் அலமாரி வைக்கச் சொல்கிறேன். இங்கே எனக்கு மூடி வைக்கும் அலமாரி வேண்டும், அங்கே உனக்குத் திறந்த அலமாரி வேண்டும். வீடியோக்காரர் ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து "இரண்டு நாள் காய வையுங்கள்" என்கிறார். எந்த ஊர் இரண்டு நாள்?

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பாண்டத்தைக் கன்னத்தில் வை. குளிர்ந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது, ஆவியாகி வெளியேறிக்கொண்டிருக்கிறது. குளிராவிட்டால் சூளைக்குத் தயார். கண் ஏமாறும், நிறம் ஏமாற்றும், கன்னம் ஏமாறாது.

அடுத்த தவறு மண் பற்றியது. "நம்ம ஊர் மண்ணிலேயே செய்வேன்" என்று எழுதியிருக்கிறாய். ஆசை நல்லது. ஆனால் உன் மலைச்சரிவில் இருப்பது மழை அலசி அலசிச் சத்துப்போன செம்மண், வளைத்தால் பிளக்கும். நல்ல களிமண் தண்ணீர் சுமந்துவந்து இறக்கிவைத்த இடத்தில் இருக்கும், வயலில், ஏரியடியில், ஆற்றோரத்தில். "அப்படியானால் உங்கள் ஊர் வயலில் எடுத்து அனுப்புங்கள்" என்பாயா? கேரளத்தில் 2008-ல் நெல்வயல், நீர்நிலங்களைக் காக்கச் சட்டம் வந்தபின் வயலில் மண்வெட்டி வைக்கும் முன் அனுமதிக்கு நடக்க வேண்டும். நெல் விளையும் ஊரில் வயலைப் பள்ளமாக்கக் கூடாது என்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் பரம்பரையாகப் பானை செய்யும் குடும்பங்கள் இதனால் மண்ணுக்குத் திண்டாடுகின்றன என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு மூட்டையில் மண் வாங்க வழியிருக்கிறது. ஒரு பானையை வாரச்சந்தை விலைக்கு விற்கிறவருக்கு அந்த வழி இல்லை.

சித்தூர்ப் பக்கத்துக் கரிசலை அள்ளி வந்து முயன்ற உன் சிநேகிதியின் கதையை எழுதியிருந்தாய், "சூளையிலிருந்து நன்றாகத்தான் வந்தது, ஒரு வாரத்தில் பொரிப்பொரியாகப் பெயர்ந்தது" என்று. கரிசலில் சுண்ணாம்புக்கல் துணுக்கு இருக்கும். 850 டிகிரி வாக்கில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். பிறகு அலமாரியில் சும்மா இருக்கும்போதே காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், மேலே இருக்கும் மண்ணைப் பெயர்த்துத் தள்ளும். கரிசல் காயும்போது சுருங்கும் அளவும் அதிகம். கோடையில் அந்த நிலம் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கிறது என்று பேருந்திலிருந்தே பார்த்திருப்பாய். அதைத் தனியாக வைத்துப் பாண்டம் செய்ய முடியாது. மண்ணைக் கரைத்து, நைஸான சல்லடையில் வடிகட்டி, வேறு மண்ணோடு கலந்து, சின்ன வில்லைகளாகச் சுட்டுப் பார்த்து, சுட்ட வில்லையை மழைக்காலம் முழுக்க வைத்திருந்து பார். அதற்குப் பிறகு பேசு.

நம் பக்கத்துக் குயவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாயா? போ. "பழைய முறை" என்று படம் எடுத்துப் போடுவதற்காகப் போகாதே, கற்றுக்கொள்ளப் போ. அவர்கள் சக்கரத்தில் எடுப்பது முழுப் பானை இல்லை. தடிமனான உடம்பும் அழகான வாயும் சக்கரத்தில் வரும், அடி திறந்தே இருக்கும். அதைப் பதமாக உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லை வைத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, அடியை மூடி, சுவரை மெலிதாக்கி, பானையை உருண்டையாக்குகிறார்கள். ஈரம் அதிகமானால் பலகையில் ஒட்டும், குறைந்தால் விரியும். அந்த நடுப்பதம் வந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும் கை, பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களின் கை, எந்தப் படிப்பிலும் கிடைக்காது. மானாமதுரையில் கடம் செய்வதும் இந்தத் தட்டுதலில்தான் நிற்கிறது. சுவர் எங்கும் ஒரே தடிமன் இல்லாவிட்டால் நாதம் பேசாது. ஆக, பானையில் பாதி சக்கரத்தில் பிறக்கிறது, மீதிப் பாதி காயும்போது பிறக்கிறது.

காதி கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் குயவர் குடும்பங்களுக்கு மின் சக்கரம் கொடுத்து வருகிறது. நல்ல காரியம். கம்பால் சுழற்றி முதுகு ஒடிந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்த வீடுகளில் கேட்டுப் பார். வனைவது வேகமாகிவிட்டது, காய்வது அதே வேகத்தில்தான் இருக்கிறது. கூடுதலாக வனைந்ததை வைக்க இடம் தேடுகிறார்கள். நீ சக்கரத்தை முதலில் வாங்கினால் உன் கதையும் அதுவாகத்தான் இருக்கும்.

காய்வதற்குக் காத்திருப்பது இன்று நேற்று வந்ததில்லை. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் வீட்டுக்கு வானம் தோண்டும்போது அவ்வப்போது முதுமக்கள் தாழி வெளிப்படுகிறது. மலையாளத்தில் நன்னங்ஙாடி என்பார்கள். இடுப்புயரத் தாழி ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் மற்றவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். நீ சுவரின் தடிமனைப் பார். புறநானூற்றில் ஒரு பெண், இறந்த கணவனுக்குத் தாழி வனையும் குயவரிடம், எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கிறாள். எல்லோருக்கும் அவள் துக்கம் தெரிகிறது. எனக்கு அந்தக் குயவரும் தெரிகிறார். அகலம் கூடினால் சுவர் தடிக்க வேண்டும், சுவர் தடித்தால் காயும் நாள் பெருகும், அவளோ காத்திருக்கிறாள். துக்க வீட்டின் அவசரத்துக்கும் மண்ணின் நிதானத்துக்கும் நடுவில் அவர் நின்றிருக்கிறார். நம் தொழிலில் இன்றைக்கும் நிற்கும் இடம் அதுதான். கல்யாணத்துக்குள் வேண்டும், திறப்புவிழாவுக்குள் வேண்டும் என்று கேட்கிறவரிடம் "முடியாது" என்று முதல் நாளே சொல்லப் பழகு. மூணாறு, தேக்கடி விடுதிக்காரர்கள் உன்னிடம் வருவார்கள், வரட்டும். சீசனுக்கு முந்தின மாதம் வந்து இருநூறு தட்டு கேட்டால், கையை நீட்டி முன்பணம் வாங்கிவிடாதே.

சூளைக்கு வருவோம். காய்ந்துவிட்டது என்று நாம் நம்பும் மண்ணுக்குள்ளும் கொஞ்சம் நீர் ஒளிந்திருக்கும். 100 டிகிரியை அவசரமாகத் தாண்டினால் அது நீராவியாகிப் பாண்டத்தை வெடிக்க வைக்கும். ஒன்று வெடித்தால் அதன் சில்லு பக்கத்தில் உள்ளவற்றின் மேலும் விழும். அதற்கப்புறம் களிமண்ணோடு கலந்தே கிடக்கும் நீர் ஒன்று உண்டு. அது 450 முதல் 600 டிகிரிக்குள் பிரிந்து போகும், அதோடு மண் மண்ணாக இருப்பதை விட்டுவிடும். 573 டிகிரியில் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று பருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். ஏறும்போது பொறுமையாக ஏற்றிவிட்டு இறங்கும்போது கதவைத் திறந்தாயானால், டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். எனவே ஆறுவதற்கு ஒரு முழு நாள் கொடு. விருந்தாளி வந்திருக்கிறார், பார்க்க ஆசைப்படுகிறார் என்றெல்லாம் கதவைத் தொடாதே.

"எல்லாம் பயமுறுத்தலாகவே இருக்கிறதே, பிறகு ஏன் அத்தை இதில் இருக்கிறீர்கள்?" கேட்பாய் என்று தெரியும். சொல்கிறேன், முழு மனதோடு சொல்கிறேன்.

சூளை ஆறிய காலைக்காக இருக்கிறேன். கிளேஸ் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடிப் பூச்சு, பூசும்போது வெறும் சாம்பல் நிற மாவுக்கரைசல். பச்சையாகப் போவதும் நீலமாகப் போவதும் பூசும்போது ஒன்றுபோலவே இருக்கும். 1200 டிகிரிக்கு மேல் அது உருகி, மண்ணோடு கலந்து, ஆறி, தன் நிறத்தைக் காட்டும். இந்த ஊர் அதில் எனக்குக் கொடுத்த பரிசு உமிச்சாம்பல். அரிசி ஆலைகளில் மலையாகக் குவிகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்காதான், கண்ணாடியின் மூலப்பொருள். விறகுச் சாம்பலோடும் ஃபெல்ஸ்பாரோடும் சேர்த்தால் பால் ஊற்றினாற்போல ஒரு வெண்மை வரும், தடித்த இடத்தில் லேசாக நீலம் ஓடும். ஜப்பானியக் குயவர்களும் உமிச்சாம்பலில் இந்த வெண்மையை எடுக்கிறார்கள். உனக்கு அங்கே கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி இருக்கிறது. எரித்து, சலித்து, தண்ணீர் ஊற்றித் தெளிய வைத்துப் பார். கையுறை போட்டுக்கொள், சாம்பல் நீர் தோலை அரிக்கும். உன் மலையின் நிறம் ஒன்று அதில் இருக்கும். அதை வேறு யாரும் கடையில் வாங்க முடியாது.

நடுவுக்கு வரும் நேரத்துக்காகவும் இருக்கிறேன். சக்கரத்தில் மண் ஆடிக்கொண்டே இருக்கும், நீ அழுத்திக்கொண்டே இருப்பாய், திடீரென்று ஆட்டம் நின்று, சுழல்கிறதா நிற்கிறதா என்று தெரியாத மாதிரி கைக்குள் அடங்கும். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நொடி பழசாகவில்லை. ஒரே மாதிரிக் குவளை நூறு செய்யும் நாட்களும் எனக்குப் பிடிக்கும். உனக்கு அது சலிப்பு என்று எழுதியிருக்கிறாய், ஒவ்வொன்றும் தனிக் கலைப்பொருளாக இருக்க வேண்டுமாம். முதல் இருபது குவளையில் நீ குவளையைப் பற்றி யோசிப்பாய். அறுபதுக்கு மேல் கை யோசிக்கும். உதடு படும் விளிம்பு எவ்வளவு உருண்டிருக்க வேண்டும், கைப்பிடிக்குள் எத்தனை விரல் நுழைய வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் கற்றுக்கொண்டாகிறது. முதலில் ஒரே மாதிரி செய்யப் பழகு. தனித்தன்மை தானாக வரும், நீ அழைக்க வேண்டாம்.

காசு பற்றியும் சொல்லிவிடுகிறேன், வெட்கப்படாமல். உன் குவளையைக் கையில் எடுத்துப் பார்த்து, "இந்த விலைக்கு எவர்சில்வரில் அரை டஜன் வருமே" என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வது உண்மை. கோபப்படாதே, விலையையும் குறைக்காதே. மண், எரிவாயு, மின்சாரம், உடைந்து போனவை, உன் கூலி, எல்லாவற்றையும் எழுதிக் கூட்டி விலை போடு. உடைந்ததன் விலையை நல்லதன் மேல் ஏற்றாத ஸ்டூடியோ எதுவும் நிலைத்ததில்லை. அலுமினியமும் எவர்சில்வரும் வந்து பானை வாங்க ஆளில்லாமல் போனபோது, நிலம்பூர்ப் பக்கம் அருவாக்கோட்டுக் குயவர்கள் 1990-களில் கே.பி. ஜினன் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து, சுவர்களுக்கான சுடுமண் சிற்பங்களுக்கும் ஓடுகளுக்கும் திரும்பினார்கள். அதே கை, அதே மண், வேறு பொருள். நீயும் குவளையிலேயே நிற்காதே. கிளேஸ் போட்ட கூஜாவை மண்பானையை விட உசத்தி என்றும் யாரிடமும் சொல்லாதே. கிளேஸ் போடாத பானையின் சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. உன் கூஜாவால் அது முடியாது.

உடம்பைப் பற்றி ஒரே கண்டிப்பு. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதே. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஈரத்துணியால் மட்டும் துடை, பொடி அளக்கும்போது நல்ல முகக்கவசம் போடு. பாத்திரம் சாப்பிடுவதற்கு என்றால் ஈயம் கலந்த பூச்சைக் கையாலும் தொடாதே. இதில் என்னோடு வாதாடவே வேண்டாம்.

ஸ்டூடியோ திறப்பதற்கு முன் வேறொருவர் ஸ்டூடியோவில் ஒரு வருஷமாவது மண் பிசை. பாண்டிச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பழகியவர்கள் இந்தியா முழுக்கப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ரே மீக்கர் முழு மண்வீட்டையே கட்டிக் காயவைத்து, உள்ளே செங்கல்லையும் பாண்டங்களையும் அடுக்கி, வீட்டையே சூளையாக வைத்துச் சுட்டவர். வீடு காயும்வரை காத்திருந்தவரின் பொறுமையை நினைத்துப் பார், உன் குவளைக்கு நீ காத்திருக்க மாட்டாயா? அப்படிப்பட்ட இடங்களில் பழகியவர் ஒருவரிடம் போய் வேலை கேள். முதல் மாதங்களில் சக்கரத்தில் உட்கார விடமாட்டார்கள். பலகை தூக்கு, பிளாஸ்டிக் மூடு, திற, மறுபடி மூடு. அதைச் செய்யும்போது எரிச்சல் வராமல் ஒரு வருஷம் ஓடினால், உனக்கு இந்தத் தொழில் உண்டு.

கடைசியாக உன் அப்பா. "மண் பிசையவா இவளை இஞ்சினியருக்குப் படிக்க வைத்தேன்" என்று கேட்டாராம், நீ அழுதாயாம். அண்ணனை எனக்கு உன்னை விட அதிக நாள் தெரியும். முப்பது வருஷம் தேயிலை பேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர். பறித்து வந்த பச்சை இலையை விரித்துப் போட்டு, காற்று விட்டு, பன்னிரண்டு மணி நேரமோ பதினெட்டு மணி நேரமோ, மழை நாளில் இவ்வளவு, வெயில் நாளில் இவ்வளவு என்று, ஒரு பிடி இலையைக் கையில் அழுத்திப் பார்த்தே "போதும், எடு" என்று சொன்னவர். ஈரம் எப்போது இருக்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதில் நம் குடும்பத்தில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை. அவரிடம் போய் அனுமதி கேட்காதே, வேலை கேள். அந்தப் பத்து சென்ட்டில் மஞ்சு எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது, காற்று எந்த மாதத்தில் திரும்புகிறது, அலமாரியை எந்தச் சுவரில் வைத்தால் ஒரே சீராகக் காயும் என்று கேள். பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போ.

கார்த்திகை பாதியில் இரண்டு வாரம் லீவு போட்டுக்கொண்டு இங்கே வா. காற்று உச்சத்தில் இருக்கும், எனக்கும் மூடித் திறக்க ஆள் வேண்டும். வேலையை விடும் கடிதத்தை மட்டும் அதற்கு முன்னால் ஆபீஸில் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அத்தை